மகரமும் சுறவமும்

மகரம் என்னுஞ் சொல்லை ஒரு மாணவன் ஒரே நாளில் நான்கிடங்களிற் கேட்டல் கூடும். இலக்கண வகுப்பிலே மகரக்குறுக்கம் வருகின்றது. பூமிசாத்திர வகுப்பிலே, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23½ பாகையில் மகரக்கோடு செல்கின்றது. மாலையிற் கோயிலுக்குச் சென்றால், இறைவன் திருவுருவுக்கு மேலே வளைந்து நிற்கும் தோரணத்தை மகர தோரணம் என்கின்றனர். வீட்டுக்கு மீண்டால், பாட்டனார் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, பொங்கலுக்காக ஞாயிறு மகர இராசியிற் புகும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். இவை நான்கும் ஒரே சொல்லா? ஒரே சொல்லாயின், எழுத்துக்கும் தோரணத்துக்கும், தோரணத்துக்கும் வானத்து மீன்கூட்டத்துக்கும் உறவு யாது?

முதற்கண் எழுத்தை விலக்கிவிடலாம். ககரம், சகரம் என்பன போல, மகர எழுத்துக்குக் கரச்சாரியை சேர்ந்து அமைந்த பெயரே இலக்கணத்து மகரம். தாவரவியல் நூல்களிற் பூந்தாதைக் குறிக்கும் மகரந்தமும் வேறு சொல்லே. எஞ்சிய மூன்றும், அஃதாவது தோரணத்து மகரமும் இராசி மகரமும் பூமிசாத்திரத்து மகரமும், ஒரே சொல்லாகும். ஆராயத்தக்கது அச்சொல்லே.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் அமைந்துள்ளது பெரியகல்லாறு. கடலையே நாச்சியாகக் கண்டு கடல்நாச்சியம்மன் என வழிபடும் ஊர் அது. அதற்குக் கிழக்கே சுறா வாழும் வங்காள விரிகுடா. மேற்கே முதலை வாழும் மட்டக்களப்பு வாவி. மகரம் என்பது யாது விலங்கு என்னும் வினாவுக்கு வெவ்வேறு நாட்டார் கூறும் விடைகளைக் கேட்டால், இவ்வூரின் இருபுறத்து நீரும் நினைவுக்கு வரும். வடஇந்தியரிடம் கேட்பின், மகர் என்றால் முதலை என்பர். ஆங்கிலர் நன்னீர் முதலைக்கு வழங்கும் மக்கர் என்னும் பெயரும் அதுவே. சிங்கள மக்களிடம் கேட்பின், மகரா என்பது விகாரை வாயிலிற் காணப்படும் கற்பனை விலங்கு என்பர். தமிழ் நிகண்டுகளைக் கேட்பின், அது சுறா. ஒரு சொல் வாவியிலும் கடலிலும் கற்பனையிலும் இவ்வாறு உலாவுகின்றது.

இராசிகளைப் பற்றிப் பேசுவோர் இரு சாரார். ஒரு சாரார் பன்னிரு இராசிகளும் வேதகாலந் தொட்டே இந்நாட்டில் இருந்தன என்பர். மற்றொரு சாரார் அவை யாவும் யவனரிடம் இரந்து பெற்றவை என்பர். மகரத்தைப் பொறுத்தவரை இருவர் கூற்றும் பாதியே உண்மை. சொல்லுக்கு ஒரு வரலாறும் இராசிக்கு வேறொரு வரலாறும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியதாலேயே வழக்கு முடிவின்றி நீள்கின்றது. சொல் மிகப் பழையது. இராசி அதனினும் பல நூற்றாண்டு பிந்தி வந்தது. சொல்லின் வரலாற்றை முன்னர் நோக்குக.

யசுர்வேத சங்கிதைகளிலே, பரிவேள்விக்கு உரிய உயிரினங்களைத் தொகுத்துரைக்கும் பகுதியில் மகரம் ஒரு விலங்காக இடம்பெறுகின்றது. அது முதலையாகலாம் என்பது வேதச்சொற்களை ஆராய்ந்த மக்டொனல், கீத் என்போரின் கருத்து. அவ்வேதங்களிலே வானத்தைக் குறித்துப் பேசப்படுவன நாண்மீன்கள். திங்கள் நாள்தோறும் தங்கும் கார்த்திகை, உரோகிணி முதலிய வீடுகள் அவை. ஞாயிற்றின் வழியைப் பன்னிரு கூறாக்கி ஆடு, காளை என உருவங் கொடுக்கும் முறை ஆங்கு இல்லை. வேள்விக்கு நாள் கணிப்பதற்கென்றே எழுந்த வேதாங்க சோதிடமும் நாண்மீன்களைக் கொண்டே கணக்கிடுகின்றது. பன்னிரு இராசிகளை அந்நூல் அறியாது. ஆகவே வேதத்திலே மகரம் இருந்தது, ஆனால் நீரிலே இருந்தது. வானத்துக்கு இன்னும் ஏறவில்லை.

நூல்களுக்கு அடுத்த சான்று கல். பீகாரில் உள்ள பராபர் குன்றிலே, அசோகர் காலத்தைச் சார்ந்த உலோமசரிசிக் குகையின் வாயில் வளைவில் யானைகள் நிரையாகச் செல்கின்றன. அந்நிரையின் இரு கடையிலும் முதலையை ஒத்த மகரங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கி. மு. 2ஆம் நூற்றாண்டளவில் எழுந்த பாரூத்துத் தூபியின் கல்வேலியிலும் மகரம் உண்டு. காலஞ் செல்லச் செல்ல அதன் உருவம் மாறியது. முதலையின் வாயோடு யானையின் துதிக்கையும், மீனின் வாலோடு இலைக்கொடிச் சுருளும் வந்து சேர்ந்தன. அது கங்கைக்கு ஊர்தியாயிற்று, வருணனுக்கும் ஊர்தியாயிற்று, காமனுக்குக் கொடியாயிற்று. ஈழத்திலே பொலன்னறுவையின் படிக்கட்டுக் கைப்பிடிச் சுவர்களில் அதன் வாயிலிருந்து கல்லாலான நாக்கு நீண்டு வழிகின்றது. சிவன் கோயிற் திருவாசியிலும் புத்தர் சிலைக்கு மேலுள்ள தோரணத்திலும் அதே விலங்கு இருபுறமும் வாய்திறந்து நிற்பதைக் காணலாம். சமயங்கள் வேறாயினும் சிற்பியின் விலங்கு ஒன்றே. கீதையின் பத்தாம் இயலிலே கண்ணன் தன்னை மீனினத்துள் மகரம் எனக் கூறுவதாக வருவதும் நோக்கத்தக்கது. அந்நூலாசிரியர் மகரத்தை மீன் வகையிற் சேர்த்தே எண்ணினார் என்பது அதனாற் புலனாகும்.

எனவே மகரம் என்பது ஓர் உயிரின் திட்டமான பெயர் என்பதினும், நீரிலே வாழும் பெருவிலங்கு, அச்சமும் வளமும் ஒருங்கு தருவது, என்னும் பொதுக்கருத்தின் பெயர் என்பதே பொருந்தும். கங்கைக்கரையில் வாழ்ந்தவன் அதனை முதலையாகக் கண்டான். கடற்கரையில் வாழ்ந்தவன் வேறாகக் கண்டான்.

இனி இராசியின் வரலாறு. அது தொடங்குமிடம் யூபிரதீசு, தைகிரிசு என்னும் ஆறுகள் பாயும் பாபிலோனிய நாடு. அந்நாட்டிலே கி. மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் நாட்டிய எல்லைக் கற்களில், ஆட்டின் முன்னுடலும் மீனின் பின்னுடலும் கொண்ட விலங்கு ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் சுகுர்மாசு. சுகுர் என்பது அந்நாட்டு ஆறுகளில் வாழும் கெண்டையினத்து மீன். மாசு என்பது ஆடு. நிலத்தடி நன்னீருக்கும் அறிவுக்கும் அதிபதியாகிய ஏயா என்னும் கடவுளின் சின்னம் அது. (சுகுர் என்பதையும் சுறா என்பதையும் ஒலியொப்புமை ஒன்றே கொண்டு முடிச்சிட விரும்புவோர் இருக்கலாம். ஒரு சொல்லின் ஓரொலி மற்றொன்றின் ஓரொலியை ஒத்தல் உலகத்து மொழிகளிலெல்லாம் நாள்தோறும் நிகழ்வது. அதனைச் சான்றெனக் கொள்ளின் எதனையும் எதனோடும் உறவாக்கலாம்.)

ஆட்டுமீனுக்கு அருகே குடத்திலிருந்து நீர் சொரிபவனும், அவனுக்கு அப்பால் மீன்களும் வானத்தில் இருத்தல் தற்செயலன்று. மெசொப்பொத்தேமியாவில் மழை பெய்வது குளிர்காலத்திலே. அக்காலத்தில் ஞாயிறு செல்லும் வானப்பகுதிக்கு நீரோடு தொடர்புடைய உருவங்களைக் கொடுத்தனர் என ஆய்வாளர் கருதுவர். மட்டக்களப்பிலும் வடகீழ்ப் பருவக்காற்று மழை சொரிந்து, வாவி பெருகி, முகத்துவாரம் வெட்டுண்டு ஓடும் காலம் ஏறக்குறைய அதுவே. பாபிலோனியர் வைத்த பெயர் இவ்வாவிக் கரைக்கும் இவ்வாறு பொருந்தி நிற்பது ஒரு வியப்பு.

ஞாயிற்றின் வழியை ஒவ்வொன்றும் 30 பாகை கொண்ட பன்னிரு சமகூறாக்கியவரும் பாபிலோனியரே, காலம் கி. மு. 5ஆம் நூற்றாண்டு. அவரிடமிருந்து அம்முறை கிரேக்கருக்குச் சென்றது. கிரேக்கர் ஆட்டுமீனுக்கு ஐகோகெரோசு எனப் பெயரிட்டனர். ஆட்டுக்கொம்பன் என்பது பொருள். உரோமர் அதனைக் கப்பிரிகோர்னுசு என மொழிபெயர்த்தனர். அதன் பொருளும் அதுவே. பெயரிலிருந்து மீன் மறைந்து ஆடு மட்டும் எஞ்சியதை ஈண்டு கவனிக்க வேண்டும். ஆனால் படத்தில் மீன்வால் மறையவில்லை. பெயருக்கும் படத்துக்கும் இடையே இவ்வாறு பிளவு விழவே, அதனை அடைக்க ஒரு கதை தேவைப்பட்டது. ஆட்டுக்காலுடைய பான் என்னும் தேவன் தைபோன் என்னும் அரக்கனுக்கு அஞ்சி ஆற்றிற் பாய்ந்தான் என்றும், நீரில் அமிழ்ந்த பாதி மீனாயிற்று, அமிழாத பாதி ஆடாகவே நின்றது என்றும் கதை எழுந்தது. கதையிலிருந்து உருவம் பிறந்தது எனப் பலர் எண்ணுவர். உருவமே பழையது, கதை அதன்பின் வந்தது.

யவனருடைய சோதிடம் கிறித்து ஊழியின் முதல் நூற்றாண்டுகளில் வணிகத்தோடு இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. அதனை வடமொழியிலே பாடிய பழைய நூல் யவனசாதகம், இயற்றியவர் ஸ்புசித்துவசர். இந்நூலை 1978இற் பதிப்பித்த தாவீது பிங்கிரி, மூலம் கி. பி. 149-150இலும் செய்யுள் வடிவம் கி. பி. 269-270இலும் எழுந்தன என்றார். பிற்கால ஆய்வு அவ்வாண்டுகளை ஐயுறுகின்றது. எனினும் சோதிடம் யவனர் வழி வந்தமையை அந்நூலின் பெயரே கூறிக்கொண்டிருக்கின்றது.

எனினும் இதற்கு மிகத் தெளிவான சான்று 6ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் தரும் சான்றே. பிருகற்சாதகம் என்னும் தம் நூலின் முதல் இயலில் அவர் இராசிகளுக்குக் கிரியம், தாவுரி, சிதுமம், குளீரம், லேயம், பாதோனம், சூகம், கௌர்ப்பி, தௌட்சிகம், ஆகோகேரம், இருத்துரோகம் என வேற்றுப் பெயர்களையும் வரிசைப்படுத்துகின்றார். இவற்றுட் பெரும்பாலானவை வடசொல்லல்ல. கிரியோசு கிரியமாயிற்று, தௌரோசு தாவுரியாயிற்று, பார்தெனோசு பாதோனமாயிற்று. பத்தாவதாகிய ஆகோகேரம் என்பது ஐகோகெரோசு அன்றி வேறில்லை. தம் நூலிலே யவனரின் சொற்களை மறைவின்றி எடுத்தாண்டு, அவற்றுக்கு நேரான இந்நாட்டுச் சொற்களையும் உடன் வைத்தார் அப்பெரியார். யவனரிடம் கற்றதை ஒப்புக்கொள்ள அவர் நாணவில்லை. அவருடைய பெயரைச் சொல்லிச் சோதிடம் பேசும் பிற்காலத்தார் சிலர்தாம் நாணுகின்றனர்.

ஆயின் ஆகோகேரம் என்னும் யவனச்சொல் நிலைக்காமல் மகரமே நிலைத்தது ஏன்? மேடத்துக்கு ஆடும், இடபத்துக்குக் காளையும், மீனத்துக்கு மீனும் எங்கும் உள்ளன, மொழிபெயர்த்தல் எளிது. ஆட்டுத்தலையோடு மீன்வால் கொண்ட விலங்கு எந்நாட்டு ஆற்றிலும் இல்லை. ஆனால் இந்நாட்டின் கல்லிலும் கதையிலும், விலங்கின் முன்னுடலும் மீனின் வாலும் கொண்டு, நீருக்கு உரியதாக, ஒன்று முன்னரே வாழ்ந்துகொண்டிருந்தது. வேற்றுநாட்டிலிருந்து வந்த படம் வீட்டிலிருந்த சொல்லில் வந்து அமர்ந்தது. முற்றும் பொருந்தவில்லை; ஆட்டின் தலை எஞ்சியது. அதனால் வராகமிகிரர் தம் இராசிமகரத்துக்கு மான்முகம் கொடுத்தார். வடமொழிச் சோதிட நூல்களில் இவ்விராசிக்கு மிருகம் என்னும் பெயரும் வழங்கியது. தமிழ் நிகண்டுகளில் மகர இராசிக்குச் சுறவு என்பதோடு கலை என்பதும் பெயராக வருதலின் காரணம் இதுவே. கலை என்பது ஆண்மான். பாபிலோனிய ஆட்டின் தலை, மானாக உருமாறித் தமிழ் அகராதிக்குள்ளும் புகுந்துவிட்டது.

சொல் நெடுந்தூரம் சென்றது. புத்த நூல்களோடு மகரம் சீனத்துக்குப் போய், ஒலிபெயர்ப்பாய் நின்றுவிட்டது. சீனர் இன்றும் அவ்விராசியை மோச்சியே என்பர். மகரம் என்பதே அவர் நாவில் அவ்வாறு ஒலிக்கின்றது.

தமிழ்நாட்டிலே இராசிகள் எப்பொழுது அறியப்பட்டன என்பதற்குச் சங்கத் தொகைக்குள்ளேயே சான்றுண்டு. நெடுநல்வாடையில், அரசியின் கட்டில்மேல் விதானத்தில் எழுதிய ஓவியத்தைக் கூறுமிடத்து, ஆட்டைத் தலையாகக் கொண்ட ஞாயிற்றின் வழி பேசப்படுகின்றது. ஆசிரியர் நல்லந்துவனார் பாடிய பரிபாடல் 11ஆம் பாட்டோ வையையில் வெள்ளம் வந்த நாளின் கோள்நிலையையே விரித்துரைக்கின்றது. அப்பாட்டில் வெள்ளி ஏற்றிலும், செவ்வாய் வருடையிலும், புதன் மிதுனத்திலும், சனி வில்லுக்கு அடுத்த மகரத்திலும் நிற்கின்றன. இக்கோள்நிலையைக் கணித்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அந்நாள் கி. பி. 634 ஜூன் 17 என்றார். சங்கப் பாடலை அவ்வளவு பிற்படுத்துவதை அறிஞர் பலர் ஏற்கவில்லை. அவ்வழக்கு ஒருபுறம் நிற்க, பெயர்களை மட்டும் நோக்குக. மேடத்துக்கு வருடை என மலையாட்டின் பெயரைத் தந்தார் புலவர். இடபத்துக்கு ஏறு என்றார். தனுவுக்கு வில் என்றார். மகரத்தையோ, மிதுனத்தைப் போலவே, மகரம் என்றே விட்டார். தமிழாக்க வல்ல புலவர் தமிழாக்காது விட்டமை, அச்சொல் அக்காலத்திலேயே தமிழிற் பழகிப்போன சொல்லாயிருந்தது என்பதைக் காட்டும். மணிமேகலையில் எட்டிகுமரன் தழுவியிருந்தது மகரயாழ். பாண்டிநாட்டுத் தென்திருப்பேரையிலே திருமாலுக்கு மகரநெடுங்குழைக்காதர் என்பது திருப்பெயர். யாழிலும் குழையிலும் இருந்த சொல்லை வானத்திலும் வைத்தல் அரிதன்று.

சுறவத்தின் கதை இதனின் வேறானது. அது வடபுலச் சொல்லின் நிழல் அன்று. நெய்தல் நிலத்தின் சொந்தச் சொல். தொல்காப்பிய மரபியல், விலங்குகளின் ஆணுக்குரிய ஏறு என்னும் பெயரைக் கடலில் வாழும் சுறாவுக்கும் உரித்தாக்குகின்றது. வேறெந்த மீனுக்கும் இல்லாத பெருமை அது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையிலே, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் உவாநாளிற் கடலுக்குச் செல்லாது, சினைச்சுறாவின் கோட்டை மணலில் நட்டுத் தெய்வத்தை அதில் ஏற்றி வழிபடுகின்றனர். கோடு என்பது கொம்பு. கொம்புடைய சுறா எது என்று நூலை மட்டும் படித்தவர் மயங்குவர். கடற்கரையில் வளர்ந்தவர் மயங்கார். வேளா என வழங்கும் வாள்சுறாவின் மூக்கு, இருபுறமும் பல் நிரைத்த வாளாக முன்னே நீண்டிருக்கும். பரதவர் நட்டது அவ்வாளையே. இன்றைய விலங்கியலார் அம்மீனைச் சுறாவினத்தில் வையாது திருக்கையினத்தோடு சேர்ப்பர். உலகக் கடல்களில் அஃது இன்று அழிவின் விளிம்பில் உள்ளது. இழுவலைகளில் அதன் வாள் எளிதிற் சிக்கிவிடுவதே பெருங்காரணம்.

ஆட்டுக்கொம்பன் என்னும் யவனப் பெயரையும், கோட்டுச்சுறா என்னும் தமிழ் வழக்கையும் அருகருகே வைத்தால், கொம்பு என்னும் பொருள் இரண்டிலும் நிற்கக் காணலாம். காண்பவர் உள்ளம் துள்ளும். ஆயினும் இரண்டும் வெவ்வேறு கடற்கரையில், வெவ்வேறு விலங்கைக் கண்டு பிறந்தவை. ஒன்று மற்றொன்றைப் பெற்றதெனக் கூற யாதொரு சான்றும் இல்லை. சுறவு இராசிப் பெயரானது காமன் வழியாகவே எனல் பொருந்தும். மகரக்கொடியோனைத் தமிழ்ப் புலவர் சுறவக்கொடியோன் என்றனர். மகரம் சுறா எனக் கொடியிலே நிலைபெற்றபின், இராசியிலும் அவ்வாறே வழங்கலாயிற்று. முதலையை அவர் கொள்ளாதது சொல் இல்லாமையால் அன்று. குறிஞ்சிப்பாட்டு ஒன்றே முதலை, இடங்கர், கராம் என மூவகையைப் பிரித்துக் கூறுகின்றது. கங்கைச் சமவெளியார் ஆற்று விலங்கைக் கண்ட இடத்திலே, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்தோர் கடல் விலங்கைக் கண்டனர். பெரியகல்லாற்றின் மேல்கரையும் கீழ்கரையும் போல இரு விடைகளும் அச்சொல்லுக்குள் அடங்கின.

மட்டக்களப்பு நாட்டவர்க்கு மகரம் என்றவுடன் மற்றொன்றும் நினைவில் எழும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றிய யாழ்நூலில் மகரயாழும் ஆராயப்படுகின்றது. பேரியாழுக்கு 21 நரம்பும், மகரயாழுக்கு 19 நரம்பும், சகோடயாழுக்கு 14 நரம்பும், செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் பழைய உரையாசிரியர் கூறுவர். கணிதமும் பௌதிகமும் கற்ற அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரி மாணவராகப் பெற்றவர். ஆதலின் உரையாசிரியர் கூறிய இராசிச் சக்கரத்தையும் இசைக்கணக்கையும் ஒருங்கு வைத்து நோக்க அவரால் இயன்றது. வட்டப்பாலையிலே பன்னிரு இராசிகளும் பன்னிரு இசைநிலைகளாக நிற்கின்றன. செம்பாலையில் இடபத்திற் குரலும், கடகத்தில் துத்தமும், சிங்கத்திற் கைக்கிளையும், துலாத்தில் உழையும், தனுவில் இளியும், கும்பத்தில் விளரியும், மீனத்தில் தாரமும் அமையும். எஞ்சிய ஐந்து வீடுகளில் மகரமும் ஒன்று. யாழுக்குப் பெயர் தந்த மகரம், செம்பாலையில் நரம்பொலியின்றி வெறுமையாக நிற்கின்றது. சக்கரத்தைப் புரட்டிப் பாலை திரிக்கும்போதே அதற்கு ஒலி கிட்டும்.

மகரக்கோட்டுக்கு அப்பெயர் வந்த வரலாறும் ஈண்டு உரியது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு தெற்கெல்லையை எட்டி வடக்கே திரும்பும் நாளில் அது மகர இராசியின் தொடக்கத்தில் நின்றது. எல்லைக்கோடு அதனால் மகரக்கோடாயிற்று. மகரசங்கிராந்தியும் வடசெலவின் தொடக்கமும் ஒரே நாளாயின. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் அந்நாள் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்னிடுகின்றது. இன்று வேறுபாடு சுமார் 24 பாகை. ஞாயிறு வடக்கே திரும்புவது டிசெம்பர் 21 அல்லது 22இல். அப்பொழுது அது வில்லின் மீன்களிடையே உள்ளது. பஞ்சாங்கப்படி மகரத்திற் புகுவதோ ஜனவரி 14 அல்லது 15இல். இந்திய அரசு 1952இல் மேகநாத சாகா தலைமையில் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இதனை ஆராய்ந்து, 1955இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச்சு 22 முதல் பருவத்தோடு பொருந்திய நாட்காட்டி ஒன்று அரசு அலுவலுக்கு வந்தது. பண்டிகைகள் பழைய கணிப்பின்படியே நடக்கின்றன. தைப்பொங்கலன்று ஞாயிறு வடக்கே திரும்புகின்றது எனப் பாடம் சொல்லும் ஆசிரியர், அது திரும்பி மூன்று கிழமைக்கு மேலாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

இறுதியாக, திங்களின் பெயர். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழிவந்தோர், சித்திரை முதலிய பெயர்களை விடுத்து, மேழம், விடை, ஆடவை என இராசிப் பெயர்களைத் திங்கட் பெயராக்கினர். அம்முறையில் தைத்திங்கள் சுறவமாயிற்று. அச்சிட்ட அழைப்பிதழ்களிலும் நாட்காட்டிகளிலும் சுறவத் திங்கள் எனக் காண்போர், தை வேற்றுச்சொல், சுறவமே பழந்தமிழ்த் திங்கட்பெயர் எனக் கொள்கின்றனர். தை என்பது பூசநாளின் வடமொழிப் பெயராகிய திசியத்திலிருந்து வந்தது என்பது உண்மையே. ஆயின் அது நேற்று வந்ததன்று. சங்கப் பாடல்களிலேயே தைஇத் திங்கள் என அளபெடுத்து நிற்கும் அளவுக்கு ஊறிய சொல். சுறவம் என்பது அதனினும் உள்ளூர்ச் சொல், ஐயமில்லை. ஆனால் திங்களைக் குறிக்க அதனைப் பழந்தமிழர் ஆண்டிலர். சோழர், பாண்டியர் கல்வெட்டுக்களில் ஞாயிற்றுத் திங்களைக் குறிக்குமிடமெல்லாம் மகர நாயற்று என்றே பொறித்துள்ளனர். சுறவ நாயற்று எனப் பொறித்திலர். மலையாள நாட்டார் இன்றும் தைத்திங்களை மகரம் என்கின்றனர். 1889இல் புதிய நாட்காட்டி வகுத்த தாய்லாந்தினரும் ஜனவரிக்கு மகராகம் என்று பெயரிட்டனர். மகரத்தின் வருகை என்பது அதன் பொருள். சுறவம் திங்கட்பெயராதல் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம். அதனை வழங்குதல் கூடாதென்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. புதுச்சொல் ஆக்கிக்கொள்ளும் உரிமை எக்காலத்தார்க்கும் உண்டு. ஆனால் மாணவர் கைக்கு வரும் ஏட்டில், அதன் வயது நூறாண்டளவே என்பதும், பட்டினப்பாலையின் சுறாக்கோட்டுக்கு வயது ஈராயிரத்தை நெருங்கும் என்பதும் தனித்தனியே எழுதப்படல் வேண்டும்.